திருவெம்பாவை முதல்நாளில் ஒரு கிரான்பெரி ஜெலி

2002 ஏப்ரல் 14 — 51 பவுண்
2003 ஜூலை 27 — 101 பவுண்
2004 ஒக்டோபர் 22 — 151 பவுண்
2005 ஓகஸ்ட் 14 — 251 பவுண்
2006 நவெம்பர் 5 — 501 பவுண்
2006 டிசெம்பர் 23 — 1 பவுண் 79 பென்ஸ்

முதல் ஐந்தும் லண்டன் சட்டனில் குடியிருக்கும் ஸ்ரீஸ்கந்தராஜா என்பவர் கோயிலுக்குக் கொடுத்தவை. கடைசியாக உள்ளது டூட்டிங்கில் அவர் வாங்கிய ஓர் அன்னாசிப்பழத்தின் விலை. ஐந்து தொகையும் சேர்ந்து கட்டியதை அந்த ஒரு பழம் இடித்துப் போட்டது.

கொடுத்தவை என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். அவர் வாங்கிக்கொண்டிருந்தார்; வாங்கிய சரக்கு அறங்காவலர் பதவி. எண்பத்து நான்கில் கணக்கியல் படிக்க வந்து, இறுதிப் பரீட்சையில் மூன்று தரம் தவறி, ஒரு காப்புறுதிக் கம்பனியில் கோப்பு அடுக்கும் வேலையில் ஒதுங்கியவர் அவர். கல்யாண வீடுகளில் மட்டும் எக்கவுண்டன்ற் ஆகிவிடுவார். அந்தப் பொய்யில் வெளுப்பு விழத் தொடங்கியிருந்ததால் வேறொரு பட்டம் தேவைப்பட்டது.

அவருடைய சைவம் முழுவதும் பொதிகளின் பின்பக்கத்தில் இருந்தது. சுப்பர்மார்க்கெட்டில் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, பிஸ்கட் பெட்டியைக் கண்ணருகே பிடித்து, சேர்மான எண்களைத் தேவாரம்போல ஓதுவார். மனைவி சிவனேஸ்வரி கூடையோடு பின்னால் நிற்பாள். தபாற்கந்தோரில் கண்ணாடிக்குப் பின்னால் பதினைந்து வருடம் இருந்து, வரிசையில் நிற்பவன் வாயைத் திறக்கும் முன்பே அவன் சொல்லப்போகும் பொய்யை அறியப் பழகியவள். கணவனோடு அவள் அதிகம் பேசுவதில்லை. ஊர் அதைப் பொறுமை என்று புகழ்ந்தது. பொறுமையெல்லாம் இல்லை, பேச எதுவுமில்லை என்பதுதான்.

2004 நவராத்திரியில் ஷாமளா என்ற மலேசியத் தமிழ்ப்பெண், கோயில் மடைப்பள்ளியில் சம்பளமில்லாமல் ஆறு வருடம் உழைத்தவள், பிள்ளைகளுக்கு ஒரு கேக் செய்து வந்தாள். மேலே நிறநிறமாய் ஜெலி மிட்டாய். ஸ்ரீஸ்கந்தராஜா குப்பைக் கூடையில் கையை விட்டு மிட்டாய்ப் பையை எடுத்தார். எடுத்தவர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஒலிவாங்கிக்குப் போனார். ஜெலட்டின், மாட்டின் எலும்பும் தோலும் அவித்த சாறு, அம்பாள் சந்நிதியில், என்று வாசித்தார். ஷாமளா ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போனாள்; திரும்பி வரவில்லை. விஜயதசமியன்று அவர் நூற்றைம்பத்தொரு பவுண் எழுதினார். சனம் கைதட்டியது. சிவனேஸ்வரி தட்டவில்லை.

2006இல் அறங்காவலர் இடம் ஒன்று காலியானது. சபைத் தலைவர் சண்முகராசா, நெற்றியில் நீறு காயாத மனிதர், அப்போது ஒரு கவலையில் இருந்தார். தேரைத் தெருவுக்கு விடத் தெருவாசிகளின் சம்மதம் வேண்டும். அவர்களுடைய சங்கத்துக்குத் தலைவர் பெம்பர்டன் என்ற வெள்ளைக்காரர். ஸ்ரீஸ்கந்தராஜாவின் பக்கத்து வீடு. அந்தாள் என்ரை கைக்குள்ளை என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. பதினொரு வருடத்தில் அவர்கள் இரண்டு தரம் பேசியிருந்தார்கள், இரண்டு தரமும் குப்பைவாளியைப் பற்றி. ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றியாக வேண்டுமே. கிறிஸ்மஸ் அன்று மத்தியானம் பெம்பர்டனையும் அவர் மனைவியையும், சண்முகராசாவையும் அவர் மனைவி அருமைநாயகியையும் ஒன்றாகச் சாப்பிட அழைத்தார். அந்த வருடம் திருவெம்பாவையும் அன்றே தொடங்கியது. மரக்கறிச் சாப்பாடுதானே, இரண்டு கொண்டாட்டமும் ஒரே இலையில் முடியும் என்று தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

பெம்பர்டனின் மனைவி கரல் அமெரிக்காவில் பிறந்தவள். வேலிக்கு மேலால் அழைப்பை ஏற்றபோது, தன் தாய் பண்டிகை தோறும் அச்சில் வார்க்கும், கிரான்பெரி என்ற சிவப்புப் புளிப்புப் பழத்தின் ஜெலியைப் பற்றி ஏதோ சொன்னாள். சும்மா பேச்சுக்குச் சொன்னதை ஸ்ரீஸ்கந்தராஜா பிடித்துக்கொண்டு செய்முறையை எழுதி வாங்கி வந்தார்.

சிவனேஸ்வரி கிறிஸ்மஸுக்கு ஒரு கிழமை முந்திய சனிக்கிழமையே செய்து பார்த்தாள். கிரான்பெரியைச் சீனியோடு அவித்து, பழம் வெடித்ததும், கரைத்த சைனா கிராஸை விட்டு அச்சில் ஊற்றினாள். கடற்பாசியில் எடுக்கும் சரக்கு. வீட்டில் எப்போதும் இருக்கும். அழகாக இறுகியது. கத்தி வைத்தால் துண்டு துண்டாக வந்தது. ஸ்ரீஸ்கந்தராஜா விரலால் குத்திப் பார்த்தார்.

"இது ஆடேல்லை."

"ஆடாட்டி என்ன? தின்னத்தானே."

"கரல் எழுதினதைப் பாரும். மேசையைத் தட்டினால் ஆடவேணுமாம். இதைக் கொண்டுபோய் வைச்சால் அவள் சிரிப்பாள்."

அடுத்த நாள் ஜெலட்டின் தூளோடு வந்தார். அன்றைக்கு மட்டும் பொதியின் பின்பக்கத்தை வாசிக்கவில்லை. வெள்ளைக்காரருக்கு மட்டும் பரிமாறுவோம், சண்முகராசா அண்ணை கேட்டால் சைனா கிராஸ் என்று சொல்லுவோம் என்றார்.

"நான் சொல்லமாட்டன். என்ரை சட்டியிலையும் அதைக் காய்ச்சேலாது," என்றாள் அவள்.

ஆகவே, தேநீர்கூடத் தானாகப் போட்டறியாத அந்த மனிதர், காராஜில் கிடந்த பழைய சட்டியைக் கழுவித் தானே களத்தில் இறங்கினார். கரலின் தாளில் தகரப் பேணியில் அடைத்த அன்னாசி ஒன்று என்று தெளிவாக இருந்தது. பேணிச் சாமான் ஹொஸ்டல் பெடியளின் சாப்பாடு என்று உதட்டைச் சுழித்துவிட்டு, டூட்டிங்குக்கு ரயிலேறிப் போய், மணம் பார்த்துப் பழுத்த அன்னாசி வாங்கி வந்தார். நம் ஆட்களுக்குப் பேணியென்றால் எப்போதும் ஓர் இளக்காரம். செடியில் பழுத்ததற்கு எதுவும் ஈடில்லை. பச்சையாகவே பொடியாக வெட்டி உள்ளே கொட்டினார். அச்சைத் தட்டால் மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, ஒருவரும் திறக்கக்கூடாது என்று கட்டளையிட்டார். சிவனேஸ்வரிக்குத் திறக்கும் ஆசையும் இல்லை.

கிறிஸ்மஸ் அன்று சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பயற்றங்காய்ப் பிரட்டல், வடை, பாயாசம் எல்லாம் அவள் சமைத்தவை. எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். சாப்பாட்டுக்கிடையில் பெம்பர்டன் தேர்ப் பேச்சைத் தானே எடுத்தார். தன் வாசலை மறித்துக் கார் நிறுத்தாவிட்டால் சரி, தேர் பார்க்கத் தனக்கும் விருப்பம், கடிதம் போட்டிருந்தாலே கையெழுத்து வைத்திருப்பேனே என்றார். காரியம் அத்தோடு முடிந்தது. ஸ்ரீஸ்கந்தராஜா அப்போதே கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் ஜெலி உள்ளே காத்திருந்தது.

அச்சைச் சுடுநீரில் தோய்த்துத் துடைத்து, வெள்ளித் தாம்பாளத்தோடு ஏந்தி வந்தார். முதலில் ஆங்கிலத்தில் கரலின் தாயாரைப் புகழ்ந்தார். பிறகு, யாரும் கேட்காமலே, சண்முகராசாவின் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, முழுக்கச் சைனா கிராஸ். நீங்களும் தாராளமாச் சாப்பிடலாம்."

கவிழ்த்தார். தூக்கினார். ஜெலி வரவில்லை; வெள்ளம் வந்தது. சிவப்புச் சாறு தாம்பாளத்தை நிறைத்து, மேசை விரிப்பில் ஓடி, சண்முகராசாவின் வெள்ளை வேட்டியில் சொட்டியது. அன்னாசித் துண்டுகள் நடுவில் குந்தியிருந்தன.

கரல் நல்ல பெண். சிரித்துக்கொண்டே ஆறுதல் சொன்னாள்: பச்சை அன்னாசி போட்டுவிட்டீர்கள், என் தாயும் ஒருமுறை இதே பிழை விட்டவர், பச்சை அன்னாசி ஜெலட்டினை இறுக விடாது, அதனால்தான் பேணி என்று எழுதினேன்.

அருமைநாயகி யாழ்ப்பாணத்தில் பெண்கள் கல்லூரியில் இரசாயனம் படிப்பித்தவர். கரண்டியால் ஒரு துண்டு அன்னாசியைப் புரட்டிப் பார்த்தார்.

"சைனா கிராஸை அன்னாசி ஒண்டும் செய்யாதே, தம்பி. அது இறுகியிருக்கோணுமே."

ஸ்ரீஸ்கந்தராஜா கடைக்காரனைக் குறை சொன்னார். குளிர்ப்பெட்டியைக் குறை சொன்னார். கடைசியில், மனுசி அளவைப் பிழைவிட்டிட்டா என்று சிரிக்கவும் செய்தார். சண்முகராசா வேட்டியைத் துடைப்பதை நிறுத்திவிட்டுச் சிவனேஸ்வரியைப் பார்த்தார்.

"பிள்ளை, நீர் சொல்லும். இதிலை என்ன கிடக்கு?"

கணவர் அவளைப் பார்த்தார். மன்றாடும் பார்வை, இருபத்திரண்டு வருடத்தில் முதன்முறை. ஒரு சொல்லில் அவருக்கு அந்த நாற்காலி கிடைத்திருக்கும். அவளுக்கு அவர் முகத்தைவிட மடித்து வைத்த ஏப்ரன்தான் தெளிவாகத் தெரிந்தது.

"ஷாமளா கொண்டுவந்த கேக்கிலை கிடந்ததுதான், அண்ணை."

சண்முகராசா எழுந்து கையைக் கழுவினார். கறை வேட்டியோடே மனைவியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பெம்பர்டனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னும் இரண்டு வடை கேட்டுச் சாப்பிட்டார்.

மனிதனென்றால் அதோடு அடங்கியிருப்பான். ஸ்ரீஸ்கந்தராஜா சபைக்கு மூன்று கடிதம் எழுதினார். முதலாவதில் ஜெலட்டின் பொதியில் சரியான விபரம் இல்லை என்றார். இரண்டாவதில் குடும்பத்துக்குள் தனக்கு எதிராகச் சதி என்றார். மூன்றாவதில், மேலே உள்ள முதல் ஐந்து திகதிகளையும் தொகைகளையும் வரிசையாக எழுதி, பதவி இல்லையென்றால் ஆயிரத்து ஐம்பத்தைந்து பவுணையும் திருப்பித் தரவேண்டும் என்றார். அதை அஞ்சலிடச் சிவனேஸ்வரியின் கந்தோருக்கே கொண்டு போனார். அவள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நிறுத்துப் பார்த்து, முத்திரைக்குக் காசு வாங்கி, மிச்சச் சில்லறையைத் தள்ளிவிட்டாள்.

சபையின் பதில் இரண்டு வரி. காலியான இடம் நிரப்பப்பட்டுவிட்டது. கோயிலுக்குக் கொடுத்ததைத் திருப்பித் தரும் வழக்கமில்லை. அவர் அதன் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்; வெறும் தாள். அதற்குப் பிறகு கடிதம் எதுவும் வரவில்லை. அந்தப் பதில் வந்த திகதி 2007 பெப்ரவரி 9, வெள்ளிக்கிழமை.