தலை வைத்த கல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்தக் குழந்தையைத் தூக்கிப் பார்த்த பெண்கள் எத்தனையோ பேர். 1928-இல் நடந்தது இது.

சீவரத்தினம் வரைபடம் போடுபவர், யாழ்ப்பாணத்து வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். ரயில்வே வேலைக்கு வருமுன், பாரசீக வளைகுடாத் தீவு ஒன்றில் பழைய கிறிஸ்தவத் துறவிகளின் மடத்தைத் தோண்டியபோது அங்கே அளந்து வரைந்தார். முற்றத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன அறைகள், நடுவில் கோயில், பின்னால் கல்லறைகள். ஒவ்வொரு துறவியின் தலைக்கடியிலும் ஒரு கல். கடைசி நாளில் எழும்போது முகம் கிழக்கே பார்க்க வேண்டுமாம்.

அதில் ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். மனைவி நேசம்மா நல்ல அம்மி கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தாள். செத்தவருக்கு எதற்குக் கல் என்று நினைத்தார். உருவியதும் மண்டையோடு ஒருபக்கமாகச் சாய்ந்தது. அதையும் பார்த்தார். அம்மிக்காகக் கடல் தாண்டிய கல் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். தலை படிந்த குழி தெரியாதபடி கவிழ்த்து அடுப்படியில் போட்டார். எங்கே கிடைத்தது என்று நேசம்மாவிடம் சொல்லவில்லை.

பெண் குழந்தை பிறந்தது.

"இஞ்சாருங்கோ, ஏழு மாசமாச்சு. பிள்ளைக்கு இன்னும் தலை நிக்கேல்லை."

"நிக்கும்."

டாக்டரும் அதையே சொன்னார். சீவரத்தினத்துக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிறு. மாலை நாலு மணி. நல்ல மழை. நேசம்மா பக்கத்து வீட்டில் இருந்தாள்.

அடுப்படியில் சத்தம். டொக்...

எட்டிப் பார்த்தார். முரட்டு அங்கி போட்ட ஒருவர் தரையில் படுத்திருந்தார். தலையை அம்மியின்மேல் வைத்தார். வழுக்கியது. டொக்...

தொட்டிலில் குழந்தையின் தலை சரிந்தது.

மறுபடி வைத்தார். டொக்...

குழந்தையின் தலையும்...

"எடுத்தது நான்தான். பிள்ளையை விடுங்கோ."

யாரும் இல்லை. அம்மியைச் சுற்றி மணல்.

அன்றே கல்லைச் சாக்கில் கட்டி, ரயிலேறிக் கிள்ளான் பக்கம் போய், படகு பிடித்து நடுக்கடலில் போட்டார். மறுநாள் காலை குழந்தை தலையைத் தூக்கிச் சிரித்தது. நேசம்மா அழுதே விட்டாள்.

அடுத்த வருடம், அந்தத் தீவில் அவரோடு வேலை பார்த்த சண்முகரத்தினம் வீட்டுக்கு வந்தார்.

"கல்லில்லாமல் கிடந்த அந்தச் சாமியாற்ற கல்லறையைத் திரும்பத் திறந்தனாங்கள். தலைக்குக் கீழ கல்லு கிடக்குது, சீவரத்தினம். மஞ்சளும் மிளகாயும் ஊறின கல்லு."

சீவரத்தினம் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"மற்றக் கல்லுகள்ல ஒரு குழிதான். இதில ரெண்டு. மற்றது சின்னது... கைக்குழந்தையிட தலை அளவு."

அன்று முதல் அந்தப் பிள்ளை தலையணையில் படுத்ததே இல்லை. நேசம்மா எவ்வளவு சண்டை போட்டாலும், இரவெல்லாம் அதன் தலைக்கடியில் சீவரத்தினத்தின் கைதான்.