பழனாத்தாள் கவிழ்த்த தட்டு

பழனாத்தாள் முப்பது வருஷம் கோவை செல்வபுரத்தில் சாக்கடைச் சேறு அரித்தவள். நகைப் பட்டறைகளில் கைகழுவும் தண்ணீரோடு ஓடிவரும் தங்கத்தூளை இரும்புச் சட்டியில் அரித்தெடுத்தே மகள் லோகப்பிரியாவை நர்ஸாக்கினாள். கணவன் நாச்சிமுத்து, ஒரு பட்டறையின் கழிவுத் தொட்டிக்குள் சேறு அள்ள இறங்கி, விஷவாயுவில் செத்தான். ‘தவறி விழுந்தான்’ என்று எழுதி முடித்தார்கள்.

லோகப்பிரியா ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போய், அங்கேயே நவநீத்தைக் கட்டிக்கொண்டாள். கோவையில் மில் வைத்திருக்கும் குடும்பம். சாதி கேட்கவில்லை என்று பெருமையடித்துக்கொண்டவர்கள், அப்பாவின் தொழிலைக் கேட்டார்கள். “சொந்தப் பட்டறை. நெஞ்சுவலியில போயிட்டாரு” என்றாள் லோகப்பிரியா. ஒருவனைத் தொட்டிக்குள் இறக்கிய ஊருக்கு வெட்கமில்லை. வெட்கமெல்லாம் அவன் மகளுக்கு.

இந்த மார்ச்சில் ஆஸ்திரேலியா பார்க்க வந்த இரண்டு அம்மாக்களையும் அங்கே பல்லாரட் பக்கத்திலுள்ள பழைய தங்க ஊருக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு காலத்தில் தங்கம் தேடி உலகமே ஓடிவந்த இடம். இன்று ஓடைக்கரையில் டிக்கெட் வாங்கி, தகரத் தட்டில் மணல் அரித்து விளையாடுகிறார்கள்.

நவநீத்தின் அம்மா வரலட்சுமி ஒரு தட்டை நீட்டினார். “ஏனுங்க சம்பந்தி, தங்கம் உங்க தொழிலாச்சுங்களே! எடுத்துக் காட்டுங்க பாக்கலாம்.”

பழனாத்தாள் சேலையைச் செருகிக் குத்தவைத்தாள். கை தானாகவே மூன்று சுற்று சுற்றியது. மணல் விலகி, விளிம்பில் நாலு பொட்டு மின்னியது. நிமிர்ந்தாள். மகளின் முகம் வெளுத்திருந்தது.

ஒரு தூளைக்கூட விட்டறியாத கை, தட்டை ஓடையில் கவிழ்த்தது.

“அட, எல்லாத்தையும் தண்ணில உட்டுப்போட்டீங்களே!” வரலட்சுமி சிரித்தார்.

“எங்க பட்டறைல இதெல்லாம் ஆளுக செய்யறதுங்க. எனக்கெங்கீங்க தெரியும்?”

திரும்பும் வழியில் ஒரு கல் நின்றது. நெடுக எழுத்து.

“என்ன கண்ணு அது?” பழனாத்தாள் மகளிடம் கேட்டாள்.

“சுரங்கத்துக்குள்ள எறங்கிச் செத்தவங்க பேரும்மா.”

“கூலிக்காரங்க பேருமா?”

“அவங்க பேருதாம்மா.”

“படி கண்ணு.”

“வில்லியம். தாமஸ். ஹ்யூ. ஜார்ஜ்...” கல்லிலிருந்து கண்ணை எடுத்து அம்மாவைப் பார்த்தாள். “நாச்சிமுத்து.”

வரலட்சுமி சட்டென்று திரும்பினார். “அது உங்கப்பா பேராச்சே?”

லோகப்பிரியா வாயைத் திறந்தாள். அதற்குள் பழனாத்தாள் முந்திக்கொண்டாள்.

“நாந்தானுங்க சேத்துப் படிக்கச் சொன்னேன். நெஞ்சுவலியில போனவருதானுங்க.”

சொல்லிவிட்டு, ஈரக் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.