புகை அறையில் பதிவான ஏழு பாட்டு

சனிக்கிழமைப் பயிற்சியில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுத் தலைவரின் வலது கை பதினோராவது முறையாகத் தாழ்ந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அந்தக் கை தாழ்ந்தால், கிட்டார் சத்தத்தைக் குறை என்று அர்த்தம். எனக்கு மட்டுமே அது தாழும். கீபோர்டு வாசிப்பவர் பாட்டையே மூழ்கடித்தாலும் அவருக்கு ஒரு புன்னகைதான். யார் கையும் தாழாத ஓரிடத்தில் ஏழு பாட்டு எழுதி, நானே பாடி, ராக் ஆல்பமாகப் போட்டுவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். மூன்றாவது பாட்டு அந்தக் கையைப் பற்றியது.

ஒரே சிக்கல், எலக்ட்ரிக் கிட்டார் சபையுடையது. வேறு யாருக்கும் வாசிக்கத் தெரியாததால் என் வீட்டில் இருந்தது. வைத்துக்கொள்ளச் சொன்னவரும் அதே கைக்காரர்தான். அதாவது, அவரைத் திட்டும் பாட்டை அவர் தயவில் இருந்த கிட்டாரில்தான் வாசித்தேன். புரட்சிக்கும் கருவி வேண்டுமே.

குலசேகரத்தில் ஸ்டுடியோ இல்லை. அப்பா ரப்பர் ஷீட் உலர்த்தும் புகை அறை இருந்தது. எதிரொலி கேட்காமலிருக்கச் சுற்றிலும் கம்பளி தொங்கவிட வேண்டும் என்று இணையத்தில் ஒருவர் சொன்னார். எங்களுக்குக் கம்பளி எதற்கு? ஷீட்டுகள்தான் வரிசையாகத் தொங்கினவே. அடுப்பை மூட்டாத நான்கு மழை நாட்களில் பதிவு முடிந்தது. புதுக்கடையிலிருந்து பஸ் ஏறி வந்து டிரம்ஸ் வாசித்த தோழி வேறு சபை. மூன்றாவது பாட்டைக் கேட்டுவிட்டு, "ஏட்டி, அவரு கேட்டா கிட்டாரு போச்சு, பாத்துக்க. எனக்கு ஒண்ணும் வராது" என்றாள்.

அவர் எங்கே கேட்கப் போகிறார் என்று இணையத்தில் ஏற்றினேன். கேட்ட சிலரில் ஒருவர், குரலில் அசலான ராக் கரகரப்பு இருப்பதாக எழுதியிருந்தார். அறையில் தங்கியிருந்த பழைய புகை அது. நன்றி என்று பதில் போட்டேன்.

அம்மாவை மறந்துவிட்டேன். எங்கள் வீட்டில் எது விளைந்தாலும் முதல் பலன் சபைக்கு. அறுப்பின் பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். வாழைக்குலை, பலாக்காய், சேவல் எல்லாம் கொடுத்தாயிற்று.

"இது மட்டும் என்ன, காட்டுலயா வெளஞ்சது?" என்று கேட்டு, ஆல்பத்தைப் பென்டிரைவில் ஏற்றித் தரச் சொன்னாள். மூன்றாவது பாட்டை மட்டும் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். ஆறு பாட்டுகள்தான் இருப்பதைக் கண்டுபிடித்து, காணிக்கையில் குறை வைக்கக் கூடாது என்றாள். ஏழாயிற்று.

சேவலுக்கும் சேனைக்கிழங்குக்கும் நடுவில் என் ஆல்பம் ஏலத்துக்கு வந்தது. சேவலுக்கு நல்ல போட்டி இருந்தது. ஆல்பத்துக்கு ஒரு கைதான் உயர்ந்தது. அதே வலது கை. அது உயர்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்த வாரம் முழுவதும் கிட்டாரைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். திருப்பிக் கொடுக்கும்போது தூசி இருக்கக் கூடாது. அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்கு முன்பே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கிட்டார் உறையை நீட்டினேன். வாங்கவில்லை.

"அந்த மூணாவது பாட்டு ஆரைப் பத்தினதுன்னு எனக்கு மனசிலாச்சு மக்ளே," என்றார். குரலைத் தாழ்த்தி, "எனக்கு முன்ன இருந்த ஆளுதானே? அவருக்கு நல்லா வேணும்."

நான் தலையை எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"ஆனா ஒரு கொறை உண்டு. கிட்டாரு கேக்கவே இல்ல. கொஞ்சம் கூட்டி வச்சா என்ன?"

வீட்டுக்கு வந்து கேட்டுப் பார்த்தேன். உண்மைதான். தொங்கிய ஷீட்டுகள் எதிரொலியோடு கிட்டாரையும் விழுங்கியிருந்தன. வாசித்தவள் நான் என்பதால் என் காதில் மட்டும் அது ஒலித்துக்கொண்டிருந்திருக்கிறது. கிட்டாரைக் குறைக்கச் சொன்னதற்காகப் போட்ட ஆல்பத்தில் கிட்டார் இல்லை.

வரும் புதன்கிழமை ஆலயத்தில் ஆராதனை கிடையாது. சாவி அவரிடம் இருக்கிறது. மூன்றாவது பாட்டை அங்கேயே மறுபடி பதிவு செய்ய வேண்டும், சத்தம் போதுமா என்று எதிரில் நின்று கையால் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறேன். வருகிறேன் என்றார். முதலில் கிட்டாரை முழுச் சத்தத்தில் வைத்துத் தொடங்கப் போகிறேன். அந்தக் கை உயர்கிறதா, தாழ்கிறதா என்று பார்க்க வேண்டும்.