ஒன்பதாவது செடி

அன்றைக்கு மலையேறியவர்கள்: ஆர்னே, மீன் தொழிற்சாலையில் எங்கள் பகுதிக்குப் பொறுப்பாளர். லிவ், அவருடைய மனைவி, முதுகுப் பையில் கோப்பிப் போத்தல் வைத்திருந்தாள். பாம்சே, அவர்கள் வீட்டு நாய். நான்.

நோர்வேக்கு வந்து எட்டு வருஷமாகியும் எனக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று இருந்தது. இந்த ஊர்ச் சனங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆனால் மலையேறுவார்கள். மேலே வேலை இல்லை, கோயில் இல்லை, ஆளும் இல்லை. ஏறுவார்கள், ரொட்டி தின்பார்கள், இறங்குவார்கள். இதற்கு ‘தூர்’ என்று பெயர். நான் பிறந்ததே மலையில். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பத்து வயதிலிருந்து கூடை சுமந்து ஏறியிருக்கிறேன். சும்மா ஏறியது கிடையாது. ஆர்னே கூப்பிட்ட மூன்று தடவையும் கால் வலி என்றேன். நான்காவது தடவை சொல்லப் பொய் இல்லை, போனேன்.

ஆர்னே கையில் ஒரு சின்ன இயந்திரம் இருந்தது. வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களைக் கேட்டு, நாம் நிற்கிற இடத்தைச் சொல்லுமாம். யாரோ ஒருவர் காட்டில் ஒரு பெட்டியை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் எண்களைக் கணினியில் போட்டுவிடுவார். மற்றவர்கள் தேடிப் போவார்கள். ‘ஜியோகேஷிங்’ என்றார். உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டேன். “ஒன்றுமில்லை” என்றார். எனக்கு மொழி சரியாக விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். விளங்கியதுதான் சரி.

ஒரு மணி நேரம் ஏறினோம். மரம் முடிந்து கல் வந்தது. இயந்திரம் ‘இங்கேதான்’ என்றது. லிவ் குனிந்து ஒரு தட்டைக் கல்லை நகர்த்தினாள். கீழே கறுப்புப் பெட்டி ஒன்று. “தொடாதே!” என்று நான் தமிழில் கத்திவிட்டேன். அவள் கையை எடுத்தாள். நாய் குரைத்தது. பாம்பா என்று ஆர்னே கேட்டார். “குண்டு” என்றேன், அந்த வார்த்தை எனக்கு நோர்வே மொழியில் தெரியும். ஆர்னே சிரித்தார். “இங்கே குண்டு வைத்தால் வெடிப்பதற்குள் வைத்தவனே குளிரில் செத்துப்போவான்” என்றார். பிறகு லிவ் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். எங்கள் நாட்டில் அந்த வருஷங்களில் பஸ் ஏறினால் முதலில் ஆசனத்துக்குக் கீழே குனிந்து பார்ப்போம். ஆள் இல்லாத பெட்டியைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட்டதில்லை.

பெட்டிக்குள் ஒரு பென்சில், ஒரு கொப்பி, சாவி வளையம், கண்ணாடிக் கோலி. ஏதாவது எடுத்தால் ஏதாவது வைக்க வேண்டும். கொப்பியில் பெயர் எழுத வேண்டும். பிறகு இருந்தபடியே, இருந்த இடத்திலேயே மறுபடி ஒளித்துவிட வேண்டும். இவ்வளவுதான் சட்டம். “பெட்டிக்காக இல்லை, இதற்காக” என்று லிவ் என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். கீழே கடல் மலைகளுக்குள் புகுந்து நீண்டு கிடந்தது. தீவுகள். வெயில் ஒரு பக்கம், மழை ஒரு பக்கம். அழகுதான். பார்த்தேன். ஆனால் என் மனது பெட்டியிலேயே நின்றுவிட்டது. அழகான இடம் என்று மனிதர்கள் பெட்டி ஒளிக்கிறார்கள். என் அப்பா ஒளித்தது வேறு மாதிரி.

எண்பத்து மூன்றில் கலவரம் எங்கள் பக்கமும் வருகிறது என்று பேச்சு அடிபட்டது. பக்கத்து டவுனில் கடைகள் எரிவது நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்து வாசலிலிருந்து தெரிந்தது. அப்பா ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். வீட்டிலிருந்த கடுதாசி எல்லாவற்றையும் அதற்குள் வைத்தார். அப்பா, அம்மா இருவருடைய பிரஜாவுரிமைத் தாள், என் பிறப்புப் பத்திரம், தம்பி செல்வத்தின் பிறப்புப் பத்திரம். “லயம் எரிஞ்சா இன்னொரு லயம். கடுதாசி எரிஞ்சா நம்ம யாருன்னு எவன் சொல்லுவான்?” என்றார். றோட்டு வேலைக்கு வந்த தாரைக் காய்ச்சி மூடியைச் சுற்றிப் பூசினார். தனியாகப் போய்ப் புதைத்துவிட்டு வந்தார். லயம் எரியவில்லை. ஆனாலும் அப்பா டின்னைத் தோண்டி எடுக்கவில்லை. மறுபடியும் வரும் என்பது அவர் கணக்கு.

அப்பா கான் வெட்டுகிற ஆள். தேயிலை மலையில் மழைத் தண்ணீர் வடியக் குறுக்கே வெட்டும் வாய்க்காலைத்தான் கான் என்போம். எண்பத்து ஒன்பதில் ஒரு மழை நாளில் கான் மேட்டு மண் சரிந்து அவர்மேல் விழுந்தது. தோட்டத்து மருந்துக் காம்பராவில் இரண்டு நாள் கிடந்தார். இரண்டாம் நாள் அம்மாவிடம் சொன்னார்: “ஏழாம் நம்பர் மல. பாறைக்கு நேர் நிரை. ஒம்பதாஞ் செடி.” எங்கிருந்து ஒன்பது என்று யாரும் கேட்கவில்லை. நிரையை, தேயிலைச் செடி வரிசையை, எண்ண எங்களுக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து அதைத்தானே எண்ணுகிறோம்.

தொண்ணூற்று மூன்றில் செல்வத்துக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை சரிவந்தது. அடையாள அட்டை இல்லாமல் தமிழ்ப் பொடியன் கொழும்பில் நடமாட முடியாது. அட்டைக்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். பிறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் பிரதி கேட்டுப் போனோம். அலுவலகத்தில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், அலமாரியைத் திறந்தே காட்டினார். “அந்த வருசங்களின்ர புத்தகங்களைக் கறையான் திண்டிட்டுது தம்பி. நான் என்ன செய்யிறது? உங்களிட்ட முதல் குடுத்த பத்திரம் இருந்தால் கொண்டு வாங்கோ, ஒரு கிழமையில முடிச்சுத் தாறன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாள், அலவாங்கு என்ற கடப்பாரையை எடுத்துக்கொண்டு அம்மா, நான், செல்வம் மூவரும் ஏழாம் நம்பர் மலைக்குப் போனோம். பத்தடிக்கு அப்பால் தெரியாத அளவுக்கு மிஸ்து, பனிமூட்டம். அம்மா பாறையைப் பிடித்து, நேர் நிரையைப் பிடித்து, கீழே றோட்டிலிருந்து ஒவ்வொரு செடியாகத் தலையில் தொட்டு எண்ணிக்கொண்டு ஏறினாள். ஒன்பது. தோண்டினோம். வேரும் கல்லும்தான். எட்டாவது செடியில் தோண்டினோம். பத்தில் தோண்டினோம்.

“அப்பா பிஸ்கட்ட தின்னுட்டு டின்னுக்குப் பொய் சொல்லிட்டாரு போல” என்றான் செல்வம்.

“வாய மூடிக்கிட்டு தோண்டுடா.”

“நீ சரியா எண்ணுனியாம்மா?”

“இருவது வருசமா இந்த மலையில நிரை புடிக்கிறேன். எனக்கா எண்ணத் தெரியாது?”

சத்தம் கேட்டுக் கங்காணி வந்துவிட்டார். “அடப் பாவிகளா, கம்பெனி செடியோட வேர அறுக்கிறீங்களே! தொரைக்கு தெரிஞ்சா என் பேரையும் சேத்து வெட்டிருவாரு. போங்க கீழ!” என்றார். குழியை மூடிவிட்டு இறங்கினோம். செல்வம் அட்டை இல்லாமலே கொழும்புக்குப் போனான். “நான் கடைய விட்டு வெளிய வர மாட்டேம்மா” என்றான்.

அடுத்த வருஷம் கொழும்பில் ஒரு ராணுவச் சுற்றிவளைப்பு. அந்தக் கடையில் வேலை செய்த ஐந்து பேரையும் கொண்டுபோனார்கள். அட்டை வைத்திருந்த நான்கு பேரை மறுநாள் விட்டார்கள். நானும் அம்மாவும் நான்கு மாதம் அலைந்தோம். ஓரிடத்தில் அங்கே அனுப்பிவிட்டோம் என்றார்கள், அங்கே போனால் வரவே இல்லை என்றார்கள். செல்வம் என்ற பெயரில் ஓர் ஆள் பிறந்ததற்கே எங்களிடம் தாள் இல்லை. இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

அம்மா அழுததை நான் அதிகம் பார்க்கவில்லை. அந்த நிரையை மட்டும் அவள் அதற்குப் பிறகு பிடிக்கவில்லை. நான் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் பின்னால் வந்து இங்கே சேர்ந்தேன். என்னிடமும் பிறப்புப் பத்திரம் இல்லை என்பதால் இந்த நாடு எனக்கு ஜனவரி முதலாம் தேதியைப் பிறந்த நாளாகக் கொடுத்தது. தோட்டத்துக் கடைக்குப் போன் எடுப்பேன், அம்மாவைக் கூப்பிட்டு விடுவார்கள். குளிரா என்பாள். சாப்பிட்டாயா என்பாள். வைக்கும் முன் ஒவ்வொரு தடவையும் அதையே கேட்பாள்: “நான் சரியாத்தானடா எண்ணுனேன்?” “சரியாத்தாம்மா எண்ணுன” என்பேன். நம்பித்தான் சொன்னேன்.

இரண்டாவது தூரில் பெட்டி கிடைக்கவில்லை. இயந்திரம் ‘இங்கேதான்’ என்கிறது, நான் கண்ட கல்லை எல்லாம் புரட்டுகிறேன். ஆர்னே ஒரு மரத்தில் சாய்ந்து ஆரஞ்சு உரித்தார். “நீ எங்கே ஒளிப்பாய் என்று தேடுகிறாய். ஒளித்தது நீ இல்லையே. அவன் எந்தப் பக்கமிருந்து வந்தான், எங்கே நின்றான், அதைப் பார்” என்றார். அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நான் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தேன். அப்படியே உட்கார்ந்தேன். கோப்பி வேண்டுமா என்று லிவ் கேட்டாள்.

அம்மா கொழுந்து பறிக்கிறவள். எங்கள் தோட்டத்தில் கொழுந்துக்காரிகள் நிரையைக் கீழே றோட்டிலிருந்து பிடித்து மேலே ஏறுவார்கள். அவளுக்கு முதல் செடி றோட்டோரச் செடி. அப்பா கான் வெட்டுகிறவர். அவர் வேலை மேலே கானில் தொடங்கும், அங்கிருந்து கீழே பார்ப்பார். அவருக்கு முதல் செடி கானோரச் செடி. ஒரே நிரை. ஒரே வீட்டில் பதினெட்டு வருஷம் சேர்ந்து இருந்தவர்கள். ஒருவர் எண்ணுவதை மற்றவர் பார்த்ததில்லை.

சமாதானப் பேச்சு நடந்த காலம். இரண்டு வருஷம் காசு சேர்த்து, நோர்வே பாஸ்போட்டில் ஊருக்குப் போனேன். உங்கள் மலைப்பக்கமும் ஒரு பெட்டி இருக்கிறது, யாரோ உல்லாசப் பயணி காட்சி பார்க்கும் இடத்தில் வைத்திருக்கிறான் என்று ஆர்னே தன் இயந்திரத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார். அந்தப் பெட்டியை நான் தேடவில்லை. அம்மாவிடம் டவுனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பக்கத்து லயத்தில் இரவல் வாங்கிய அலவாங்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினேன்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைக் கண்டுகொண்டார்கள். “என்னண்ணே கையில, செல்போனா?” என்றாள் ஒருத்தி. இடம் காட்டுகிற மெசின் என்றேன். “அடி ஆத்தே, பொறந்த எடத்துக்கு வர மெசின் கேக்குதுடி இவருக்கு!” மலை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். மத்தியானச் சங்கு ஊதியதும் அவர்கள் கூடைகளோடு நிறுவைக்கு இறங்கினார்கள்.

கானில் ஏறி நின்றேன். அப்பா நின்ற மாதிரி. கீழ்நோக்கி எண்ணினேன். ஒன்பது. அரை முழம் போகவில்லை, அலவாங்கு தகரத்தில் பட்டது.

தார் அப்படியே பிடித்திருந்தது. கத்தியால் கீறித் திறந்தேன். ஈரம் கொஞ்சமும் இல்லை. கான் வெட்டுகிறவருக்குத் தண்ணீர் எப்படிப் போகும் என்று தெரிந்திருக்கிறது. நான்கு தாளும் மடித்தபடி இருந்தன. செல்வத்தின் பத்திரத்தில் அவன் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், தோட்டத்தின் பெயர், முத்திரை. ஒரு கிழமையில் அட்டை ஆகியிருக்கும். என் பத்திரத்தையும் பார்த்தேன். நான் ஆவணியில் பிறந்திருக்கிறேன்.

தலையைத் தூக்கினேன். மிஸ்து விலகியிருந்தது. கீழே காசல்ரீ நீர்த்தேக்கம் ஒரு துண்டு, அதற்கு அந்தப் பக்கம் மலைக்குப் பின்னால் மலை, கடைசியில் சிவனொளிபாதம். இருபது வருஷத்துக்கு மேல் அந்தத் தோட்டத்தில் இருந்தேன். அங்கிருந்து அதெல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் எப்போதும் செடியைப் பார்த்து நின்றோம். மலைக்கு முதுகு.

டின்னை வீட்டுக்குக் கொண்டுபோனால் அம்மா ஒன்று கேட்பாள். எங்கே இருந்தது? அவ்வளவுதான். அதற்குப் பதில் சொன்னால் அவள் அன்றைக்கே முடிந்துவிடுவாள். சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுபோக அது இரண்டு காம்பரா வீடு, கண்ணுக்கு மறைவான மூலை கிடையாது. நோர்வேயிலும் செல்வத்தின் தாளை யாரும் கேட்கப் போவதில்லை. தாள்களை இருந்தபடியே மடித்தேன். ஒன்றும் எடுக்கவில்லை, ஒன்றும் வைக்கவில்லை. மூடினேன். இருந்த இடத்திலேயே புதைத்து மிதித்துவிட்டேன்.

பின்னேரம் அம்மா என் செருப்பைப் பார்த்தாள். “டவுன்ல எங்கடா இவ்வளவு செம்மண்ணு?”

“ஏழாம் நம்பர் மலைக்குப் போனேம்மா.”

அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். “கெடைச்சிச்சா?”

“இல்ல. நீ எண்ணுன எடத்துலதான் தோண்டிப் பார்த்தேன். அப்பா அங்க வைக்கவே இல்ல.”

அடுப்பு விறகைத் தள்ளி வைத்தாள். பிறகு, “அந்த மனுசன் சாகையில சொன்னது. புத்தி கலங்கித்தான் சொல்லியிருக்காரு” என்றாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு போனில் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. போன வருஷம் இறந்துபோனாள். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

இப்போது எனக்கும் சொந்தமாக அந்த இயந்திரம் இருக்கிறது. ஆர்னேயின் இயந்திரத்திலிருந்த எண்களை அதில் ஏற்றி வைத்திருக்கிறேன். அதில் இரண்டு இடங்கள். நான் குடியிருக்கும் வீட்டுக்கு ‘வீடு’ என்று பெயர் போட்டேன். மலைக்குப் பெயர் போடவில்லை. சமையலறையில் வைத்து அந்த இடத்தைக் கேட்டால், அம்பு கழுவுதொட்டிக்கு மேலே சுவரைக் காட்டும், ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் என்று சொல்லும். ஆனால் அன்றைக்கு டின் இருந்த செடியிலும் ஆர்னேயின் இயந்திரத்தில் பொத்தானை அமத்திப் பார்த்தேன், நாங்கள் மூவரும் தோண்டிய செடியிலும் அமத்திப் பார்த்தேன். இரண்டையும் ஒரே இடம் என்றே காட்டியது. முப்பது அடி முன்னே பின்னே இருக்கும், அதற்கு மேல் அதற்குத் தெரியாது என்று ஆர்னே முதலிலேயே சொல்லியிருந்தார்.

அன்றைக்கு இறங்கும் முன் ஒரு செடியிலிருந்து மற்றச் செடிக்குக் காலடி வைத்து அளந்தேன்.

பதினாறு அடி.