நாற்பதாம் அளவு

ஒரு மனிதரின் தோளை ஊரில் ஆயிரம் பேர் போட்டுக்கொண்டு திரிந்தால், அவருக்கென்று என்ன மிஞ்சும்?

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ஜெபமணி பனியனோடு நின்று இரு கைகளையும் விரிப்பார். கட்டிங் மாஸ்டர் டேப்பை மார்பில் சுற்றி, "நாப்பது" என்பார். அதன் பிறகுதான் ஜெபமணி இஸ்திரி மேசைக்குப் போவார்.

1992-இல் புனேயின் போபோடிச் சந்து ஒன்றில் கோவிந்தராஜ் நாலு மெஷினோடு சட்டைக் கம்பெனி தொடங்கியபோது, அளவு பார்க்கக் கைக்கெட்டிய உடம்பு இஸ்திரிக்காரர் ஜெபமணியுடையது. அதுவே நாற்பதாம் அளவு ஆயிற்று. மற்ற அளவுகளெல்லாம் அதைக் கூட்டியும் குறைத்தும் வந்தவை. கம்பெனி சிஞ்ச்வடுக்குப் பெயர்ந்தது. கேம்ப் கடைத்தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட ஷோரூம் திறந்தது. அங்கே சட்டையை மெல்லிய தாளில் சுற்றித் தந்தார்கள். ஜெபமணியின் மார்பு மட்டும் மாறவில்லை. கல்யாணப் பந்திகளுக்குப் போவதை அவர் நிறுத்தினார். பிறகு கூப்பிடுவதை மற்றவர்கள் நிறுத்தினார்கள். போபோடியில் ஒற்றை அறை. அளந்து வடித்த சோறு.

"என்ன நாப்பது, இன்னிக்கும் வடாபாவ் வேணாமா?" என்பாள் செக்கிங் தமிழரசி.

"டேப்பு இருக்குல்லா தாயி. பொறவு பாப்போம்."

"பதினாலு வருஷமா இதையேதான் சொல்றீங்க."

பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் சட்டையில் தன் தோளை அவர் கண்டுகொள்வார். சொல்ல ஆள் இருக்காது.

2006-இல் வெளிநாட்டிலிருந்து ஒரு மரப் பொம்மை வந்தது. பனியனோடு காத்து நின்றவரிடம் மாஸ்டர், "இனிமே இதுதாண்ணே நாப்பது" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்றே மாதத்தில் சட்டைகள் திரும்பின. வலது தோளில் பிடிக்கிறதாம். பொம்மைக்கு இரு தோளும் சமம். இஸ்திரிப் பெட்டி தூக்கித் தூக்கி ஜெபமணியின் வலது தோள் கால் அங்குலம் இறங்கியிருந்தது. வலது கையால் உழைக்கிற பலருக்கும் அப்படித்தான்.

கோவிந்தராஜே இஸ்திரி மேசைக்கு வந்தார். "திங்கக்கிழமை வந்து நில்லு மணி. நீ இல்லாம ஆகாதுய்யா."

"சரி சேட்."

திங்கட்கிழமை எட்டரைக்கு ஜெபமணி சட்டையைக் கழற்றவில்லை. மெக்கானிக்கிடம் அரம் வாங்கி, பொம்மையின் வலது தோளைத் தேய்க்கத் தொடங்கினார். மரத்தூள் தரையில் கொட்டியது. கோவிந்தராஜ் இரண்டு முறை "ஏன்டா?" என்றார். அரம் நிற்கவில்லை. கால் அங்குலம் இறங்கியதும் அரத்தைக் கீழே வைத்து, தோளில் ஒட்டிய தூளை ஊதினார்.

பிறகு தமிழரசியின் வடாபாவ் பொட்டலத்தை நோக்கிக் கையை நீட்டினார்.