காதுபொத்தி

குண்டு மிரட்டல் பற்றி இன்ஸ்பெக்டர் விவரம் சொல்ல வாயெடுத்ததும், மோப்ப நாயோடு வரும் அந்தக் காவலர் தன் இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் பொத்திக்கொள்வார். புதிதாக வந்த அதிகாரிகளுக்குக் கோபம் வரும். பழகியவர்கள் சிரித்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள்.

"எந்த ரூம், எந்த மூலைன்னு எனக்குச் சொல்லாதீங்க சார். தெரிஞ்சா அங்க போனதும் என் கை நிக்கும். கை நின்னா கயிறு நிக்கும். கயிறு நின்னா மேடம் உக்காந்துருவாங்க. அப்புறம் கண்டுபிடிச்சது மூக்கா, கயிறான்னு யாருக்குத் தெரியும்?"

மேடம் என்பது அவருடைய கறுப்பு நாய். வெடிமருந்து வாசனை பட்டால் குரைக்காது, சுரண்டாது. அந்த இடத்திலேயே உட்காரும். அவர் வந்து பந்தைக் கொடுக்கும்வரை தானாக எழாது. "எனக்குக் காய்ச்சல்னா ஒரு மாத்திரை. அவங்க தும்மினா டாக்டர் வண்டி எடுத்துட்டு வர்றார். எங்கள்ல யாரு பெரிய ஆளுன்னு நீங்களே சொல்லுங்க" என்பார்.

கனத்த உடம்பு. கயிறு இழுத்து இழுத்து இடது தோள் சற்று இறங்கியிருக்கும். நாயின் மூக்குக்கு இடைஞ்சல் என்று வாசனை சோப்புகூடப் போடமாட்டார். கல்யாண வீட்டுக்கு வந்தாலும் சட்டைப்பையில் அந்தப் பந்து புடைத்துக்கொண்டு நிற்கும். சக காவலர்கள் வைத்த பெயர் காதுபொத்தி. "கேஸ் சிலிண்டர் தீந்துபோச்சுன்னு சொன்னா வீட்லயும் பொத்திக்கிறாரு. இங்க எந்த நாயைக் காப்பாத்துறாராம்?" என்பது அவர் மனைவியின் புகார்.

எங்கள் மருத்துவமனைக்குக் குண்டு மிரட்டல் வந்த அன்று, சாவிக்கொத்தோடு அவர் பின்னால் போனவன் நான். மூன்றாம் மாடியில் நடந்ததாகப் பலர் சொல்கிறார்கள். இரண்டாம் மாடி. நோயாளிகளையெல்லாம் கீழே இறக்கியாகிவிட்டது. அறுவைசிகிச்சை அறையை மட்டும் காலி செய்ய முடியவில்லை. உள்ளே ஒரு பெண்ணுக்குக் குடலில் அறுவை பாதியில் இருந்தது.

மாடிப்படியில் அவர் நின்றார். "சார், உள்ள இருக்கறது என் தங்கச்சி. வேற ஆளைக் கூப்பிடுங்க."

"அடுத்த நாய் வர ஒரு மணி நேரமாகும். அதுவரைக்கும் குண்டு காத்திருக்குமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் கயிற்றை உதறிப் பிடித்துக்கொண்டு நடந்தார். மருந்து அலமாரி, சக்கர நாற்காலிகள், குப்பைத்தொட்டி, ஆக்சிஜன் உருளைகள். மேடம் ஒவ்வொன்றாக முகர்ந்து விலகியது. அறுவைசிகிச்சை அறையின் கதவுக்கு வந்தது. உட்கார்ந்தது.

இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டினார். முகக்கவசத்தோடு எட்டிப்பார்த்த மருத்துவர், "இப்ப நகர்த்தினா அந்தம்மா உயிருக்கு நான் பொறுப்பில்ல" என்றார்.

"நகர்த்தலேன்னா எல்லார் உயிருக்கும் யாரு பொறுப்பு?" என்ற இன்ஸ்பெக்டர் நாய்க்காரர் பக்கம் திரும்பினார். "யோவ், சொல்லுய்யா!"

நாய் உட்கார்ந்தால் கையை உயர்த்த வேண்டும் என்பது விதி. அவர் உயர்த்தவில்லை. பந்தையும் எடுக்கவில்லை. தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, விரல்கள் வெளுத்திருந்தன. எப்போது சுற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை.

"இன்னொரு தடவை சார். கயிறு இல்லாம." என்றார். "யாரும் அந்தக் கதவைப் பாக்காதீங்க. இத்தனை பேரும் அதையே மொறைச்சா அவங்க சும்மாவாச்சும் உக்காருவாங்க. எல்லாரும் செவுத்தைப் பாருங்க."

மருத்துவர் உள்ளே போய்விட்டார். இன்ஸ்பெக்டரும் இரண்டு காவலர்களும் நானும், வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளைகள் போல எதிர்ச்சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். அவர் நாயை எழுப்பிப் படிக்கட்டு முனைக்குக் கொண்டுபோய்க் கயிற்றைக் கழற்றினார். "தேடுங்க" என்றார். பிறகு நடைபாதையின் மறுகோடிக்குப் போய் எங்களுக்கும் நாய்க்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

தரையில் நகங்களின் சத்தம் மட்டும். அலமாரி. நாற்காலி. தொட்டி. என் முதுகுக்குப் பின்னால், அந்தக் கதவருகே, சத்தம் நின்றது.

கதவுக்கு அப்பால் ஏதோ கருவி தட்டில் விழும் ஓசை கேட்டது. முகரும் மூச்சு மட்டும் சீறிச் சீறி வந்தது.

நகங்கள் மறுபடி நடந்தன. உருளைகளைத் தாண்டி, கடைசிவரை நடந்து, அவருடைய காலடியில் போய் நின்றன.

"சுத்தம்" என்றார்.

"அப்ப முதல்ல உக்காந்தது?"

"அது நான் உக்காந்தது சார். மேடம் இப்பதான் பேசியிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டி, மருத்துவர் வேலையைத் தொடரட்டும் என்றார். மற்ற மாடிகளிலும் ஒன்றுமில்லை, மிரட்டல் பொய்.

அதோடு அவருடைய வேலை முடியவில்லை. ஒன்றும் கிடைக்காமல் வீடு திரும்பினால் நாய் சோர்ந்துபோகும், அடுத்த முறை மனம் வைத்துத் தேடாது. அதனால் வண்டி நிறுத்துமிடத்தில், பயிற்சிக்கான வெடிமருந்துப் பொட்டலத்தை ஜீப் ஓட்டுநர் ஒரு சக்கரத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். மேடம் கண்டுபிடித்து உட்கார்ந்தது. உடனே அந்தக் கனத்த மனிதர் குதித்தார், கீச்சுக்குரலில் கூவினார், பந்தை எறிந்தார். "எங்க மேடம்! எங்க ராசாத்தி!" இதில் துளி கவலை கலந்தாலும் நாய்க்குத் தெரிந்துவிடும் என்பார்.

அப்போதுதான் நானும் அவருடைய தங்கை கணவரும் படியிறங்கி வந்தோம். அறுவை முடிந்து, அந்தப் பெண் கண்விழித்துத் தண்ணீர் கேட்டிருந்தாள். கணவர் ஓடினார்.

"மச்சான்! மச்சான், உங்க தங்கச்சிக்கு..."

அவர் திரும்பவில்லை. நாயைப் பார்த்துச் சிரித்த முகம் சிரித்தபடியே இருக்க, எச்சில் வழியும் பந்தோடு சேர்த்து இரண்டு காதுகளையும் இறுகப் பொத்திக்கொண்டார்.