பிள்ளையாருக்குப் பின்னால் கிடந்த கடிதங்கள்

ஒன்பது வயதில் எனக்கு முதல் உத்தியோகம் கிடைத்தது. வீட்டுக்கு வருகிற ஜெர்மன் கடிதங்களை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசித்துச் சொல்வது. சம்பளம் ஒரு ஐஸ்கிறீம். காப்புறுதி, வாடகை, விசா எல்லாம் என் வாய் வழியாகத்தான் சுவிஸில் எங்கள் பூம்ப்ளிஸ் வீட்டுக்குள் நுழைந்தன. பள்ளிக்கூடக் கடிதங்களை மட்டும் கொஞ்சம் திருத்தி வாசிப்பேன். பிள்ளை வகுப்பில் இருந்து கனவு காண்கிறான் என்று வாத்தியார் எழுதியிருந்தால், பிள்ளை ஆழமாக யோசிக்கிறான் என்று சொல்வேன்.

வாத்தியார் எழுதினதுதான் சரி. இப்போதும் ட்ராமில் யன்னலோரம் இருந்தால் என் தரிப்பைத் தாண்டி இரண்டு தரிப்புக்கு அப்பால்தான் இறங்குவேன். வெளியே ஒரு மரம், ஒரு சைக்கிள், அதில் ஒரு நாய். அவ்வளவு போதும், நான் போய்விடுவேன்.

இப்படிப்பட்டவனைச் சுவிஸ் ஆமி கூப்பிட்டது. குடியுரிமை உள்ள ஆம்பிளைகள் எல்லாரும் போகத்தான் வேண்டும். நான் ஒரு படி கூடவே போய் வாக்மைஸ்டர் ஆனேன், எட்டுப் பேருக்குப் பொறுப்பு. அந்த எட்டுப் பேரில் ஆறு பேர் என்னைவிட நன்றாக வரைபடம் பார்ப்பார்கள். ஊரில் ஆமி என்ற சொல்லுக்கே ஒருகாலத்தில் வேலி பாய்ந்து ஓடியவர் அப்பா. என்னைப் பச்சைச் சட்டையோடு முதல்தரம் கண்டபோது தன்னை அறியாமல் கதிரையை விட்டு எழும்பி நின்றார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில், "என்ர மகன் ஆமியில பெரிய ஆள்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நாட்டுப்பற்று என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பதவி வரைக்கும் சேவை செய்தவனுக்கு ஒரு சலுகை உண்டு. படிப்புக்குக் கட்டின காசைப் பற்றுச்சீட்டுக் காட்டி ஆமியிடம் திருப்பி வாங்கலாம். ஆகவே நான் ஒரு திட்டம் போட்டேன். ஒரு கடன் கொம்பனியிடம் கடன் எடுத்துப் பீல் நகரத்தில் படிப்பது. ஆமிக் காசு வந்ததும் கடனை அடைப்பது. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டால் இடையில் நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு எனக்கு நல்ல தகுதி இருந்தது.

கிழமை நாட்களில் பீலில் ஒரு சின்ன அறை. பதிந்த விலாசம் அம்மா வீடுதான். வெள்ளிக்கிழமை வந்து விழுந்து படுத்தால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் எழும்புவேன். அம்மா வாடகைக் கடிதத்தையும் கரண்ட் பில்லையும் நீட்டுவா. வாசித்துச் சொல்லிவிட்டு, சாமித்தட்டுக்கு முன்னால் நின்று கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டு, ரயில் ஏறிவிடுவேன். என் பெயருக்கு ஒரு கடிதமும் வருவதில்லை. என்ன அருமையான வாழ்க்கை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்த வீட்டைக் கண்டோம், நானும் நான் கட்டப்போகிறவளும். பீலில் மூன்றாம் மாடி, திருத்த வேலை நடந்துகொண்டிருந்தது. பல்கனியில் நின்று கழுத்தை இடப்பக்கம் நன்றாக நீட்டினால் இரண்டு கூரைகளுக்கு நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு ஏரி தெரியும். அன்று மூடுபனி விலகி ஒரு நிமிடம் வெயில் விழுந்தது. அந்த ஒரு விரல் ஏரி வெள்ளித்தாள் மாதிரி மினுங்கியது. நான் அங்கேயே குடியேறிவிட்டேன். வெள்ளைப் பாய்க்கப்பல் ஒன்று விரலின் ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போவதைக்கூடப் பார்த்தேன்.

"அவ சொன்னது விளங்கினதோ?" என்று அவள் முழங்கையால் இடித்தாள். வீட்டு நிர்வாகத்து அம்மா ஜெர்மனில் தொடங்கிப் பிரெஞ்சில் முடித்து ஏதோ சொல்லிவிட்டுப் போயிருந்தா. "மாத முடிவுக்குள்ள பெட்றைபுங் கந்தோர்ப் பேப்பர் குடுக்க வேணுமாம். ரெண்டு பேரும்."

கட்டாத கடனுக்கு யாராவது வழக்குப் போட்டால் அந்தக் கந்தோர்ப் பதிவேட்டில் பெயர் ஏறும். பெயர் ஏறினவனுக்கு இந்த நாட்டில் வீடு தரமாட்டார்கள். அவளுடைய பேப்பர் பாலைப்போல வெள்ளை. என்னுடையதில் ஒரு வரி இருந்தது.

"உம்மட பேர்தான்," என்றாள்.

"வேற ஆரோவாயிருக்கும்."

"பிறந்த தேதியும் உம்மடதுதான். வேற ஆர் உமக்காகப் பிறந்தது?"

அன்றே பூம்ப்ளிஸுக்குப் போனோம். அம்மா சாமித்தட்டைக் காட்டினா. பெரிய பிள்ளையார் படத்துக்கும் சுவருக்கும் நடுவில் என் பெயருக்கு வந்த கடிதம் அத்தனையும் அடுக்காக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு.

"இதையேன் எனக்குச் சொல்லேல்லை?"

"கும்பிடேக்க நீ காணேல்லையோ? உன்ர பேருக்கு வாறதை நாங்கள் உடைக்கக் கூடாது. வெள்ளைச் சிலுவை போட்டது ஆமிக் கடிதம், அதைக் கண்ட இடத்தில வைக்கேலுமோ?"

கடைசியாக வந்தது பெட்றைபுங் கந்தோர்க் கடிதம். பத்து நாளுக்குள் மறுப்புச் சொல்லலாம் என்று அதில் இருந்தது. அந்தப் பத்து நாள் போய் மாதக் கணக்கு. அதை வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கினவர் அப்பா. "வந்தவர் நல்ல மரியாதையா நிண்டார். உனக்குப் பதவி கூடிட்டுதாக்கும் எண்டு நினைச்சன். ரெண்டு கட்லட்டும் குடுத்தனான்."

இரண்டு கடிதங்கள் சந்தனத்தால் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் ஆமி எழுதியிருந்தது: பற்றுச்சீட்டு ஒன்று குறைகிறது, அனுப்பினால் காசு தருகிறோம். மற்றதில் கொம்பனி: காசு வரவில்லை, வழக்குப் போடப்போகிறோம். ஒன்றுக்கொன்று மருந்தான இரண்டு கடிதங்களும் ஒரு முழுக் குளிர்காலம் பிள்ளையாரின் முதுகுக்குப் பின்னால் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்திருக்கின்றன. ஊர்க் கடிதமெல்லாம் வாசித்தவன் அதற்கு நேர் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பற்றுச்சீட்டை அனுப்பினேன். ஆமி சொன்ன சொல் தவறாமல் காசு போட்டது. கடனை முழுக்கக் கட்டினேன். வழக்கைத் திருப்பி எடுப்பதாகக் கையெழுத்திட்ட கடிதத்தைத் தபாலில் அனுப்புகிறோம், அதைக் கந்தோரில் கொடுத்தால் பெயர் அழியும் என்றது கொம்பனி. மாதம் முடிய எட்டு நாள் இருந்தது. அந்தக் கிழமைதான் எனக்கு வருடாந்த ஆமிப் பயிற்சி.

"ஒரு அதிகாரக் கடிதம் எழுதி வைச்சிட்டுப் போம்," என்றாள் அவள். "உம்மட பேப்பரை நான் எடுக்கலாம் எண்டு."

"என்னில நம்பிக்கை இல்லையோ?"

"இருக்கு. அதாலதான் கேக்கிறன்."

அப்பாவுக்கும் கட்டளை போட்டேன். என் பெயருக்கு எது வந்தாலும் உடைத்துப் படம் பிடித்து உடனே வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அப்பா சமையலறை வேலையில் இருபது வருடம் கட்டளை கேட்டுப் பழகினவர். முதல் நாளே தொடங்கிவிட்டார். பல் வைத்தியரின் அட்டை. மெத்தை மலிவு விற்பனை. பக்கத்து வீட்டுக்காரிக்கு வந்த கலண்டர், பன்னிரண்டு மாதமும் தனித்தனியாக. எல்லாவற்றிலும் அவருடைய பெருவிரல் கால்வாசி இடத்தைப் பிடித்திருந்தது.

நான் ஜூரா மலைக் காட்டில் எட்டுப் பேருக்கு, "கவனம்தான் ஒரு வீரனின் முதல் ஆயுதம்" என்று விளக்கிக்கொண்டிருந்தேன். சட்டைப் பைக்குள் கைபேசி வண்டு மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது. அப்பாவின் சத்தத்தை நிறுத்தி வைத்தேன். காடு அமைதியானது. பனிப்புகை மரங்களுக்குள்ளால் மெல்ல இறங்கி வந்தது. அதற்குள் நான் ஒரு விரல் ஏரியைக் கண்டேன், அதில் என் பாய்க்கப்பலைக் கண்டேன். ஐந்து நாள் அப்படியே போனது.

மாதத்தின் கடைசி நாள் மத்தியானம், தட்டில் மக்கரோனியோடு ஒரு மரக்குற்றியில் இருந்தபோது அவள் அழைத்தாள்.

"வீடு கிடைச்சிட்டுது."

"எப்பிடி? கடிதம் வரேல்லையே!"

"மூண்டு நாளைக்கு முதல் வந்தது. மாமா உமக்கு எட்டுத் தரம் அனுப்பினவர். ஒரு நீலக்கோடும் வரேல்லை எண்டு, கடிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டு, கோயிலுக்குப் போடுற கோட்டோட ரயிலேறிப் பீலுக்கு வந்திட்டார். ரெண்டு பேரும் உம்மட அதிகாரக் கடிதத்தோட கந்தோருக்குப் போய்ப் பேப்பர் எடுத்துக் குடுத்திட்டம்."

"அப்பா ஏதும் சொன்னவரோ?"

"சொன்னவர். 'பிள்ளை ஆழமா யோசிச்சுக்கொண்டிருப்பான், நாங்கள் போவம்' எண்டவர்."

மக்கரோனி ஆறிப்போனது. ஒன்பது வயதில் நான் செய்த மொழிபெயர்ப்பை அப்பா அன்றைக்கே கண்டுபிடித்திருக்கிறார். ஐஸ்கிறீமையும் வாங்கித் தந்திருக்கிறார்.

இப்போது அந்த மூன்றாம் மாடியில் இருக்கிறோம். அனேகமான நாட்களில் மூடுபனிதான், ஏரி இல்லை. நான் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பேன். சாமித்தட்டை அவள்தான் அமைத்தாள். பிள்ளையாரைச் சுவரோடு ஒட்டி நான்கு ஆணி அடித்திருக்கிறாள். பின்னால் ஒரு தபால்தலைகூட நுழையாது. கும்பிடும்போது கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் பக்கத்து ஒப்பந்தம்.

அப்பாவின் சத்தத்தைத் திறந்துவிட்டேன். இதை எழுதும்போதும் பைக்குள் வண்டு அடிக்கிறது. மெத்தை மலிவு விற்பனை, பெருவிரலோடு. முழுவதையும் வாசிக்கிறேன்.